கோயிலுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள்

வெளிநாட்டு மாணவர் தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது விதி. கேட்டவருக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். முதல் பாதி மட்டும் ஒழுங்காக அமலில் இருக்கிறது.

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு அப்பால், ரப்பர் தோட்டத்து வாயிலில், கேட்ட அனுமதிக்குப் பதில் வராமலே நிற்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு வேளாண் படிப்பில் சேர்ந்த மாணவன் நான். சேர்ந்ததே இந்தக் கல்விப் பயணத்துக்காகத்தான். இறந்துபோன என் மனைவி இந்தத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இந்தியாவுக்குக் கப்பலேறியவள். கோயிலுக்குப் பின்னால் ரப்பர் காய்கள் வெடிக்கும் சத்தத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

ரப்பர் பால் வாளியோடு வந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இந்த வயசுல ஸ்டூடண்டாங்க ஐயா? எத்தன தடவ பெயிலு?"

விஷயத்தைச் சொல்கிறேன்.

"அட, கோயிலுக்குன்னு சொல்லுங்க. சாமி கும்பிடப் போறவங்கள யாரு மறிப்பா?"

காவல்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்கிறாள். அவர் தனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடச் சொல்லிக் கதவைத் திறக்கிறார். அவளும் கூட வருகிறாள்.

கோயிலுக்குப் பின்னால் மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன. ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப எங்கங்க வெடிக்கும்? ஆடி, ஆவணியில வாங்க. வெயில் ஏறுனா லயத்து வீட்டுத் தகரக் கூரையில கல்லெறியிற மாதிரி விழும்."

நாளை எனக்கு விமானம். தெரிந்தும், அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறேன்.

அனுமதிக் கடிதம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.