மாத்திரை அக்காவின் நாமக்கோழிகள்

மருந்துக்கடையில் பத்தொன்பது வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுப்பவளுக்கு ஏரியில் கிடக்கும் வாத்தை எண்ணத் தெரியவில்லை என்பதுதான் போன குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பின் பெரிய தமாஷ். வட்டமடித்துத் திரும்பிய அதே கூட்டத்தை மறுபடியும் எண்ணி, இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டாள். புகைப்படத்தில் பார்த்தால் சரிபாதி. பறவைக் குழுவின் தலைவரான சர்வேயர் கோபித்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். மனிதர் சிரித்துத் தொலைத்தார். பைனாகுலரை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். 'மாத்திரை அக்கா' என்ற பட்டப்பெயரும் அன்றைக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக அவளைக் குடைந்தது. இந்த வருஷக் கணக்கெடுப்பன்று விடிவதற்குள் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளை நாத்தனார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குளிர்ல அட்டையில எழுதறதுக்கா போறீங்க அண்ணி?"

"எழுதப் போகல. எண்ணப் போறேன்."

கரையில் சர்வேயரிடமும் அதையே சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தபடி யோசித்து, பைனாகுலரைக் கொடுத்து, யாரும் சீண்டாத நாமக்கோழிகளை அவள் தலையில் கட்டினார். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

"இந்தத் தடவையும் சொதப்பினா இனி அட்டைதான். சரியாம்மா?"

"சரிங்க சார்."

ஐந்து ஐந்தாக எண்ணினாள். கடைத் தட்டில் மாத்திரைகளைத் தள்ளுவதும் அப்படித்தான். இருநூற்று அறுபதைத் தாண்டும்போது ஒரு பருந்து தாழப் பறந்தது. கூட்டம் கலைந்து நாலாபக்கமும் ஓடியது. சர்வேயர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஐநூறுன்னு போட்டுடலாம், உத்தேசமா," என்று பென்சிலில் எழுதினார். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிறவருக்குப் பறவை என்றால் மட்டும் குத்துமதிப்பு போதும்.

அவளுக்குப் போதாது. பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால், மாத்திரைகளை டப்பாவில் திரும்பக் கொட்டி ஒன்றிலிருந்து தொடங்குவது அவள் வழக்கம். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அசையமாட்டாள். இப்போதும் அசையவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். விரல்கள் விறைத்தன, மூக்கு ஒழுகியது. பறவைகள் மறுபடி ஒன்றுகூட முக்கால் மணி நேரம் ஆனது.

இடமிருந்து வலமாக முந்நூற்று நாற்பத்தொன்று. வலமிருந்து இடமாக முந்நூற்று நாற்பது.

இவ்வளவு பெரிய ஏரியில் ஒரு பறவைக்காக யார் மெனக்கெடுவார்கள்? அவள் மெனக்கெட்டாள். மூன்றாம் முறை எண்ணும்போது ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்றும் கவனித்தாள். எல்லாம் முக்குளித்தன, மேய்ந்தன, ஒன்றையொன்று விரட்டின. கோரைப்புல்லுக்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் எதுவும் செய்யவில்லை. அலை புரட்டியபோது அதன் வெள்ளை நெற்றி தண்ணீருக்குள் போய், சாவகாசமாகத் திரும்பி வந்தது. கறுப்புப் பெயின்ட் டப்பா, வெள்ளை மூடி. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். போன வருஷத்து வாத்துக்கும் சேர்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

சர்வேயர் டீ வாசனையோடு திரும்பி வந்தார்.

"முந்நூத்தி நாப்பது சார்."

"ஐநூறு போட்டிருக்கேனே. போகட்டும், முந்நூத்தம்பதுன்னு வச்சுக்கலாமா?"

"நாப்பது மாத்திரைச் சீட்டுக்கு அம்பது கொடுத்தா நீங்க முழுங்குவீங்களா சார்?"

அவர் பைனாகுலரை வாங்கித் தானே எண்ண ஆரம்பித்தார். நூற்று எழுபதில் தடுமாறி, முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் தடுமாறினார். பைனாகுலரை அவளிடமே கொடுத்துவிட்டு, பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். படிவத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது.

"உத்தேசமா, எண்ணினதா? எதுன்னு போடட்டும்?"

"எண்ணினது."