மிச்சம் அறுநூறு மில்லி

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், ஆவணி முதல் ஞாயிறு தொடங்கி ஐப்பசி முதல் ஞாயிறு வரை, அறுபத்து நான்கு வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி, கிழமை, அளவு. முதல் வரியில் 90, கடைசி வரியில் 0. ஒரு நாளும் விடுபடவில்லை. நாள் கிழமை குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அதில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ நோட்டுகள் எழுதிவிட்டேன். நான் எழுதியவற்றில் தெரிந்தே பொய்யாக இருப்பது அந்தக் கடைசி வரி ஒன்றுதான்.

எங்களுக்கு நாமக்கல்லை ஒட்டிக் கோழிப்பண்ணை. அப்பா குடிப்பார். அந்த வருடம் ஆடியில், ஈரல் வீங்கியிருக்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்னார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்திவிடலாம், அதன்பின் ஒரு சொட்டும் ஆகாது என்றார். பண்ணையை யார் பார்ப்பது என்று கேட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த வாரமே வாழப்பாடியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மருந்துக்கடை வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் அவர் பாதி டாக்டர்.

“அடியோட உட்டாத்தான் உண்டு. ஒரு வாய் உள்ள போனா அது இன்னொரு வாய் கேக்கும்” என்றாள் அம்மா.

“போன வருசம் மாலை போட்டு நாப்பத்தெட்டு நாள் அடியோடதான உட்டாரு? கழட்டுன அன்னிக்கு என்னாச்சுன்னு நீயே சொல்லுக்கா” என்றார் மாமா.

மாலையைக் கழற்றியது மார்கழி பதினெட்டு. மறுநாள் காலை அப்பாவைத் தீவன மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தூக்கி வந்தோம்.

“அக்காளும் தம்பியும் பஞ்சாயத்த முடிச்சுட்டுச் சொல்லுங்க. நான் கோழிக்குத் தண்ணி உட்டுட்டு வாரேன்” என்று எழுந்து போனார் அப்பா.

மாமா சொன்ன வழியே நின்றது. நாளொன்றுக்குத் தொண்ணூறு மில்லி, ஞாயிறுதோறும் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது. அந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். பாட்டில் வைக்கும் பீரோவின் சாவியை அப்பாவிடம் கொடுக்க முடியாது. கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் மருந்தை நான்தான் சிந்தாமல் அளந்து ஊற்றுவேன். ஆகவே அந்தச் சாவி என் ஜாமெட்ரி பாக்ஸுக்கு வந்தது. அளவுக் கப்பில் புதிதாக ஒன்று வாங்கினோம். கோழிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. மாமா ஐந்து முழு பாட்டில்களைக் கொண்டுவந்து பீரோவில் அடுக்கிவிட்டுப் போனார்.

தினமும் மாலை ஆறு மணிக்கு, முட்டை வண்டி போனதும், முட்டை அறை வாசலில் அப்பா வந்து உட்காருவார். நான் கப்பைக் கொண்டுபோவேன்.

“கோட்டுக்குக் கீழ நிக்கறாப்ல தெரியுது, சாமி.”

“கண்ணு மட்டத்துக்கு வெச்சுப் பாருங்கப்பா. செரியாத்தான் இருக்குது.”

“உங்க மாமனாவது கொஞ்சம் ஏமாறுவான். நீ மாட்ட.”

நாற்பதுக்கு வந்த வாரத்தில் அவர் கை நடுக்கம் நின்றது. காலாண்டு ரேங்க் கார்டில் போட்ட கையெழுத்து நேராக விழுந்தது. அதை அவரே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி சொன்னது செரிதானாட்ட இருக்குது” என்று அம்மா, தோற்றதில் சந்தோஷப்பட்டு, ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டாள்.

ஒரு கழித்தலை மட்டும் முன்கூட்டி யாரும் போடவில்லை. ஐந்து பாட்டில் மூவாயிரத்து எழுநூற்றைம்பது மில்லி. அறுபத்து மூன்று நாளில் செலவானது மூவாயிரத்து நூற்றைம்பது. மிச்சம் அறுநூறு. தீபாவளிக்கு வரும்போது மாமா எடுத்துப்போவார் என்று அது பீரோவிலேயே இருந்தது.

ஐப்பசி முதல் ஞாயிறு. வடைமாலை சாத்த அம்மா டவுனுக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்குப் பழக்கத்தில் வெறும் கப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

“இன்னிக்கு எத்தன, சாமி?”

“சைபருங்கப்பா.”

“அப்பறம் கப்ப என்னத்துக்குக் கொண்டாந்த?”

சிரித்துக்கொண்டே அதை வாங்கி, கோடுகளைப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பந்தயத்தில் முதலாக வந்தும் பரிசு கிடைக்காத பிள்ளையின் முகமாக எனக்கு அது பட்டது. பள்ளிக்கூடத்தில் அழகான கையெழுத்துக்கே எனக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்திருந்தார்கள். கப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பத்து மில்லி அளந்து வந்தேன்.

“என்ன இது?”

“பரிசுங்கப்பா. செயிச்சதுக்கு.”

“வேண்டாஞ்சாமி.”

எங்கள் வீட்டில் விருந்தாளி இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாலும், விரலை விலக்கிப் போட்டுத்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்றதும் கரண்டியோடு திரும்புகிறவள் கஞ்சப்பிசினாறி என்பது அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நான் கப்பை நீட்டியபடியே நின்றேன்.

“வேண்டாங்கண்ணு. கொண்டுபோய்க் கீழ ஊத்திப்போடு.”

“பத்தே மில்லிதானுங்கப்பா. நேத்துக் குடிச்சதுதான.”

அவர் கோழிக் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் கையை எடுத்து, கப்பை வைத்து, விரல்களை மடக்கிவிட்டேன்.

குடித்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், “சாவி எங்க சாமி இருக்குது?” என்றார். சொன்னேன். உள்ளே போய்த் தேதி, கிழமை எழுதி, 0 போட்டேன். பரிசு அளவில் சேராது என்பது என் முடிவு.

வியாழக்கிழமை பாட்டில் காலி. அம்மா கேட்டபோது, சாவியைத் தானே தேடி எடுத்ததாக அப்பா சொன்னார். வெள்ளிக்கிழமையிலிருந்து பழையபடி கடைக்கே போனார். மாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறந்துபோனார்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா தன் தம்பியிடம் சொன்னாள்: “அளந்து குடுக்கச் சொன்னீல்ல. அளந்து முடிச்சாச்சு. எந்திரிச்சுப் போ.”

மாமா என் நோட்டைக் கேட்டு வாங்கினார். கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். “சைபருக்கு வந்த மனுசன்க்கா” என்றார். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அம்மா சாகும்வரை, அவர் சொன்ன வழிதான் கொன்றது என்று நம்பினாள். மிச்சத்தை அக்கா கீழே கொட்டியிருக்க வேண்டும் என்று வாழப்பாடியில் அவர் இன்றும் சொல்வதாகக் கேள்வி. இருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

அடியோடு விடுவதா, அளவோடு குறைப்பதா என்று எழுதியிருப்பவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நிறுத்தியவருக்கு ஊற்றிக் கொடுத்த பிள்ளையைப் பற்றிய என் கேள்விக்கு எதிலும் இடமில்லை.

அப்பா குடியை வேண்டாம் என்று சொல்லி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. மாலை போட்ட நாட்களில்கூட, கூடாது என்றுதான் சொல்வார். வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு முறை. அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல என்று பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.