ஜனக்புரி கடற்கரைக்கு ஒரு நிலைவாசல்

டெல்லியில் கடல் இல்லாத குறையை இன்று ஜனக்புரி பார்க்கில் சென்னையிலிருந்து வந்த ஒரு கலைக்கல்லூரிப் பெண் தீர்த்துவைத்தாள்.

மணலைக் கொட்டி, கடற்கரையில் ஒதுங்கிய குப்பைகளால் அதன்மேல் ஒரு வீட்டு ஹாலையே அமைத்திருந்தாள். பாட்டில்களால் சோபா, அறுந்த மீன்வலையில் திரைச்சீலை. சுவர் கிடையாது. முன்னால் ஒரு நிலைவாசல் மட்டும்.

அதைப் பார்த்ததும் நானும் பக்கத்து ஃபிளாட் செல்வராஜும் தன்னாலே செருப்பைக் கழற்றிவிட்டோம்.

"அங்கிள், இது பீச்தான். செருப்போடயே வாங்க" என்று சிரித்தாள் அவள்.

"வீட்டுக்குள்ள எப்படிம்மா?" என்றார் செல்வராஜ்.

இதே செல்வராஜ் மாலை நடையில் சிப்ஸ் தின்றுவிட்டு, பாக்கெட்டை இதே பார்க்கில்தான் வீசுவார். நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இன்றும் கையில் காலி பாக்கெட். சுற்றிலும் அத்தனை குப்பை. கூடுதலாக இன்னொன்று கிடந்தால் யாருக்கும் தெரியாது. போடத்தான் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன சார், போடலையா?"

"அரே, நல்ல ஆளு சார் நீங்க! அடுத்தவங்க வீட்ல போயி போடுவாங்களா?"

யமுனைக் கரைக்கு ஒன்று, மெரினாவுக்கு ஒன்று. இரண்டு நிலைவாசல் வேண்டும். நல்ல தச்சர் யாரையாவது தெரியுமா?