என் மக மண்டைக்குள்ள ஓடுன கோடுங்க

அதெல்லாம் பொய்யிம்மா. எம்பொண்ணு மருமவளா வந்த அன்னிக்கே சாவிய வச்சிக்கினு வூட்டு அதிகாரத்த புடுங்கப் பாத்தான்னு நாகலாபுரத்துல சம்பந்திவூட்ல சொல்லிக்கினு திரியிறாங்களே, அந்த சாவிக்கொத்த அவ இடுப்புல சொருவி அனுப்பனதே நானுதான். ஒங்கிட்ட சொல்றதுக்கு இன்னா, அவளுக்கு பத்து வயசுலருந்து வலிப்பு. வரும்போதெல்லாம் கையில இரும்ப வைப்பேன், அடங்கிடும். கல்யாணமாயி போனா அவ துன்ற மாத்திரய பாத்துட்டு மாமியாக்காரி கேப்பாளேன்னு, மாத்திரய நிறுத்திட்டு சாவிய குடுத்தேன். மாமியாக்காரி இன்னாடான்னா, "பீரோ சாவியா வச்சிக்கினு கீற?"ன்னு புடுங்கிக்கினா. அது எங்க மாட்டுக்கொட்டா சாவிம்மா.

அப்பறம் அவளுக்கு கொயந்த பொறந்து ஆறு மாசம். பால் குடுத்துக்கினு இருக்கும்போதே வலிப்பு வந்து கீழ வுட்டுட்டா. கொயந்தைக்கு ஒண்ணும் ஆவல. ஆனா அத அங்கயே வச்சிக்கினு, இவள மட்டும் கொண்டாந்து வுட்டுட்டு போய்ட்டாங்க.

திருப்பதி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனேன். தல பூரா ஒயர ஒட்டி, கம்ப்யூட்டர்ல கோடு கோடா ஓடவுட்டாங்க. கண்ண மூடுன்னாங்க. மூடுனா பாரு, பின்மண்டை கோடெல்லாம் ஒண்ணா சேந்து ஏறுது, ஒண்ணா எறங்குது. எனக்கு ஒரே சந்தோசம். நாம நாலு பேரு நாத்து நட எறங்குனா நாலு தினுசா குனிவோம். இவ மண்டைக்குள்ள அத்தினியும் ஒரே சீரா போவுதே.

டாக்டரம்மா சிரிச்சிக்கினு சொன்னாங்க: "மூளையில கோடி கோடியா செல்லு இருக்கு அவ்வா. பக்கத்துல பக்கத்துல பின்னிக்கினு, ஒண்ணு சொல்றத இன்னொண்ணு கேட்டு, கூடவே ஆடும். அது நல்லதுதான். அளவு மீறி எல்லாம் ஒரே நேரத்துல சேந்துக்கினாதான் வலிப்பு. அது தானா ஓஞ்சிடும், நீங்க இரும்பு வச்சாலும் வைக்காட்டியும். மறுபடி வராம தடுக்கறது மாத்திரதான். யாரு நிறுத்துனது?"

எம்பொண்ணு என்ன திரும்பிகூட பாக்கல. "நாந்தான் மறந்துட்டேன் மேடம்"னா.

இப்ப மாத்திரய வேளைக்கி துன்றா. மூணு மாசமா வலிப்பு வரல. ஒரு வருசம் வராம இருந்தா கொயந்தய கண்ணுல காட்டுறோம்னு சொல்லியனுப்பிகிறாங்க. அதுக்குள்ள அது எழுந்து நடக்கும், இவள யாருன்னு கேக்கும். ராவுல பால் கட்டிக்கினு அழுதா, மொத மாசம் பூரா. இப்ப அதுவும் வத்திப்போச்சி.

இரும்மா, பொண்ணு தண்ணி ஊத்திக்க போயிகிறா, சொம்பு சத்தத்தயே காணோம். தாப்பா போடாதன்னு சொல்லிகிறேன், போய் பாத்துட்டு வரேன்.