சன்னலோர மேசைக்கு ஈடு

என் சித்தி கூலியைக் காசாக வாங்க மாட்டாள். பொருளாகத்தான் வாங்குவாள். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் உண்டு, கிறுக்கு என்பவர்களும் உண்டு. என் அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

சித்தி சாணை பிடிப்பவள். பழைய சைக்கிள் ஒன்றை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதித்தால் பின்னால் கல் சுழலும்படி செய்து வைத்திருக்கிறாள். கடைத்தெருவில் கூரான இரும்பு இல்லாமல் பிழைப்பவர் யார்? கறிக்கடைக்காரர் எலும்பு வெட்டும் கத்தியைக் கொடுப்பார்; ஞாயிற்றுக்கிழமைக் கறி வீட்டுக்கு வந்துவிடும். முடிவெட்டுபவரின் கத்தரிக்கோல்களைத் தீட்டிக் கொடுப்பதால் சித்தப்பா தலையும் மகள் தலையும் எப்போதும் ஒழுங்காக இருக்கும். அச்சகத்தில் காகிதம் வெட்டும் நீளத் தகட்டைத் தீட்டினால், வெட்டிப்போட்ட ஓரத் தாள்களைத் தைத்து நோட்டாகத் தருவார்கள். ஒல்லியான, உயரமான நோட்டுகள். "எல்லார் நோட்டும் நோட்டு மாதிரி இருக்கு, என் நோட்டு மட்டும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருக்கும்மா" என்று மகள் புலம்புவாள். ஏரிக்கரைப் பூங்காவின் புல்வெட்டும் இயந்திரமும் சித்தியிடம்தான் வரும். அதற்கு ஈடாக விடுமுறை நாளில் குடும்பத்தோடு படகு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் யாரும் அவள் கையில் காசு கொடுக்கவில்லை. "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, அவர்கிட்ட கொடுத்துடறேன்" என்பார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் சித்தப்பா, வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு கடை கடையாக ஏறி வாங்கி வருவார், பாவம். ஒருநாள் கறிக்கடைக்காரரும் அதையே சொன்னார். சித்தி அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுத் தொடையைக் காட்டினாள்.

"அதுல ஒரு துண்டு வெட்டுங்க. என் புருஷன் வர்றதுக்குள்ள அது கெட்டுப் போயிடும்."

அவர் வெட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து சித்தி காசைக் கேட்கவேயில்லை.

நான் பல நாடுகள் சுற்றித் திரும்பி வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தபோது மகளின் பிறந்தநாள் வந்தது. தெருமுனையில் ஒரு பெரிய ஓட்டல் இருக்கிறது. மேசைகளில் வெள்ளைத் துணி, சன்னலோரத்தில் பூச்சாடி. மகளுக்கு அங்கே சாப்பிட வேண்டும். சாப்பாடு மட்டும் போதாது, சன்னலோரம் உட்கார வேண்டும். வகுப்பில் ஒருத்தி, "உங்க அம்மாவை உள்ள விட மாட்டாங்க. பின்பக்கம் கூப்பிட்டுப் பொட்டலம் கொடுப்பாங்க" என்று சொல்லிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து அழுதாள். சித்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஓட்டலின் தலைமைச் சமையல்காரரோடு பேச்சு முடிந்தது. சமையலறையில் இருக்கும் எல்லாக் கத்திகளையும் சித்தி தீட்டித் தர வேண்டும். அதற்கு எங்கள் நால்வருக்கும் இரவுச் சாப்பாடு, ஒரு கேக், சன்னலோர மேசை. "முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன் அக்கா, தைரியமா வாங்க" என்றார் அவர். பிறந்தநாளுக்கு முந்தின நாள் சித்தி பகல் முழுவதும் பெடல் மிதித்தாள். சாயங்காலம் அவளால் படியேற முடியவில்லை.

பிறந்தநாளன்று சித்தப்பா சட்டையை இரண்டு முறை மாற்றினார். மகள் என் காதணிகளை வாங்கிப் போட்டுக்கொண்டாள். வாசலில் மேனேஜர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க வாங்க. சமையல்கட்டுப் பக்கத்துல உங்களுக்கு மேசை போட்டிருக்கு. அப்படிச் சந்து வழியா சுத்தி வந்துடுங்க."

"சன்னலோரம்னு பேச்சு" என்றாள் சித்தி.

"அது காசு கொடுக்கிறவங்களுக்கும்மா. சாப்பாடு அதே சாப்பாடுதான். எங்க உக்காந்தா என்ன?"

"எங்க உக்காந்தா என்னன்னா, சன்னலோரமே உக்காந்துக்கறோமே. உங்க கத்தியில நான் பாதிக் கூர்தான் வச்சேனா?"

"சத்தம் போடாதீங்க. பிள்ளைக்குக் கேக் வேணுமா வேண்டாமா?"

பக்கத்து மேசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மகள் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "சமையல்கட்டுப் பக்கமே சாப்பிடலாம்மா. பரவாயில்லை." அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள்.

சித்தி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மேனேஜரைத் தாண்டி, சாப்பாட்டுக் கூடத்தின் நடுவாகவே நடந்து சமையலறைக்குள் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

உள்ளே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சித்தி சுவரில் மாட்டியிருந்த மிக நீளமான கத்தியை எடுத்தாள். கல்மேடையின் விளிம்பில் அதன் வாயை வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். எனக்குப் பல் கூசியது. சமையல்காரர் தன் கையே அறுபட்டது போல அலறினார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"என் பொருளை நான் எடுத்துக்கறேன் மாஸ்டர். உங்க சோறு உங்க பாத்திரத்துல இருக்கு. என் கூர் மட்டும் எதுக்கு உங்க கத்தியில இருக்கணும்?"

இன்னொரு முறை இழுத்தாள். பிறகு கத்தியைத் துடைத்து, மரியாதையாக அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு தக்காளியை எடுத்து வெட்டிப் பார்த்தார். தக்காளி நசுங்கி அவர் சட்டையில் தெறித்தது. அதற்குள் சித்தி அடுத்த கத்தியைக் கையில் எடுத்திருந்தாள்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்து நின்றார். "போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. கூர் காணாமப் போச்சுன்னு எழுதிக் கொடுங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமையல்காரர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், கொஞ்ச நேரத்துல கல்யாணக் கூட்டம் மொத்தமும் வந்து உக்காரப் போகுது. கறியை நான் பல்லால கடிச்சுப் போடட்டுமா? முதலாளி ஒத்துக்கிட்ட விஷயத்துல நீங்க எதுக்கு மூக்கை நுழைக்கிறீங்க?"

மேனேஜர் கத்தியைப் பார்த்தார், கல்மேடையைப் பார்த்தார். "சரி. போய் உக்காருங்க."

"எங்க?"

"சன்னலோரந்தான்."

"நீங்க கூட்டிட்டுப் போங்க. மத்தவங்களை அப்படித்தானே கூட்டிட்டுப் போறீங்க?"

அவர் முன்னால் நடந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். சித்தி கையிலிருந்த கத்தியை அதற்குப் பிறகுதான் ஒரு பரிமாறுபவரிடம் கொடுத்துச் சமையலறைக்கு அனுப்பினாள்.

சூப் வந்தது. மகள் தட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். கூடம் முழுவதும் எங்களைத்தான் பார்ப்பதாக அவளுக்கு நினைப்பு. கொஞ்சம் உண்மையும்கூட.

"சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பிடலாம்" என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

"ஏன், அடுப்பை அணைக்காம வந்துட்டீங்களா? பேசாம சாப்பிடுங்க. இந்த நாற்காலியில உக்கார நாள் பூரா மிதிச்சிருக்கேன்." சித்தியின் கால்கள் மேசைக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் குனிந்து பார்த்தபோது, "காலைப் பார்க்காதே, கோழியைப் பாரு" என்றாள்.

வறுத்த கோழி வந்தது. கேக் வந்தது, மேலே சமையல்காரர் தன் கையால் பூப் போட்டிருந்தார். மகள் முதலில் ஓரத்தைக் கிள்ளினாள். பிறகு ஒரு துண்டு, பிறகு இன்னொன்று. ஐஸ்கிரீம் கிண்ணத்தை வழித்து முடித்தபோது அவள் முகம் முழுவதுமாக மேசைக்கு மேலே வந்திருந்தது.

"அம்மா, இன்னொரு ஐஸ்கிரீம் கேக்கலாமா?"

"எதுக்கு என்னைக் கேக்குற? அவங்ககிட்ட சொல்லு."

மகள் கையைத் தூக்கினாள். பாதியில் தயங்கினாள். பிறகு முழுவதும் தூக்கினாள்.

"எனக்கு இன்னொரு ஐஸ்கிரீம்!"

பரிமாறுபவர்கள் எல்லாரும் கல்யாணக் கூட்டத்திடம் மாட்டியிருந்தார்கள். மேனேஜரே கொண்டு வந்து வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தவரை மகளின் குரல் நிறுத்தியது.

"ஸ்பூன் இல்லையே சார்."