எகிப்துப் படம் பார்க்கப் போனோம்

காலை பத்து மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினோம். திருவண்ணாமலைக்குப் பதினெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். மடியில் குழந்தை லேசாக இருமினாள். கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று ஏரியைத் தாண்டுவதற்குள் தோன்றிவிட்டது.

என் கணவர் குவைத்திலிருந்து லீவில் வந்து ஒரு மாதமாகிறது. திரும்பிப் போவாரா, இங்கேயே இருப்பாரா என்று கேட்டால் பேச்சை மாற்றினார். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் பார்த்த எகிப்துப் படத்தைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். காதல், ஒரே சிரிப்பு. கதாநாயகியைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மலர்வதை நான் கவனிக்காமலில்லை. அப்படி என்ன அழகி என்று பார்த்துவிடத்தான் கிளம்பினேன்.

பதினொன்றுக்குத் தேரடித் தெரு. குவைத்தில் இவரோடு ஒரே அறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய கரீம் பாய் வீட்டில் வீடியோ டெக் இருந்தது. கேசட்டைப் போட்டார். ஒரே வாடகை வீட்டுக்கு இரண்டு பேர் முன்பணம் கொடுத்துவிட்டு, ஒருவனும் ஒருத்தியும் மாடிப்படியில் நின்று சண்டை போடுகிறார்கள். பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அவள் அழகிதான்.

பாய் சத்தத்தைக் குறைத்தார். "ஆரம்பிப்பா, உன் ஆளு வந்துட்டா."

"வேணாம் பாய், இவ இருக்கா."

"அட, பேசுப்பா! தங்கச்சி, ரூம்ல எவனுக்கும் அரபி சரியா வராது. ஆளுக்கொரு வேஷம் பிரிச்சிக்கினு தமிழ்ல பேசுவோம். ஹீரோயின் எப்பவும் இவன்தான்."

பாய் கதாநாயகனாகப் பேசிக் கெஞ்சினார். என் கணவர் குரலை மெல்லிசாக்கினார்: "ஏங்க, கதவ சாத்தினீங்களா? எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துட்டு வந்துடுங்க. வெயில்ல ஜாஸ்தி நிக்காதீங்க."

அது நான். அப்படியே நான்.

"இதுக்குன்னே பக்கத்து ரூம்லருந்து வருவாங்கம்மா. அங்க கேசட்டே தேஞ்சிபோச்சு," என்று பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாமோ? வீட்டில் நான் இதையெல்லாம் சொன்னால் "உம்" என்பதோடு சரி. அவள் வாயில் வந்தால் மட்டும் இத்தனை சந்தோஷமா?

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். "கோவமா?" என்றார்.

"இப்ப அங்க அவளுக்கு யாரு பேசறது?"

"யாரும் இல்ல. நான் எப்ப வருவேன்னு லெட்டர்ல கேட்டுக்கினே இருக்காங்க."

"அப்ப போறீங்க."

குழந்தையின் தலையைத் தடவினார். "போறேன்."

போகாதீங்க என்று வாய்வரை வந்தது. என்ன சொன்னாலும் ஒரு வெள்ளிக்கிழமை அதையும் அவள்தான் பேசப்போகிறாள். கீழ்பென்னாத்தூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.