சார்ஜன்ட் கீவிட்டின் கோப்பை அலமாரி

ரூபன் கீவிட்டை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகும் அவர் சார்ஜன்ட்தான். ஸ்டீன்ஃபலெய் காவல் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தார். அதில் பாதிக்கு மேல் கஞ்சா தேடுவதிலேயே கழிந்தது. அதற்கென்றே அவருக்கு ஒரு மூக்கு வாய்த்திருந்தது. திராட்சைப் பெட்டிகளுக்கு அடியில், ஆடு ஏற்றி வந்த லாரியின் மாற்று டயருக்குள், ஒருமுறை சவப்பெட்டியில் பிணத்தின் தலைமாட்டில் என்று எங்கிருந்தாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். மோப்ப நாய் ஒன்று வேண்டும் என்று நிலையத்திலிருந்து மேலிடத்துக்கு எழுதினார்களாம். "உங்களிடம்தான் கீவிட் இருக்கிறாரே" என்று பதில் வந்ததாம். உண்மையோ பொய்யோ, ஊரில் இதை நம்பாதவர் இல்லை.

பிடித்தவனை வண்டியில் ஏற்றும்போது ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "நான் சட்டம் போடுறவன் இல்லப்பா, அது சொல்றதச் செய்யறவன்."

அந்தச் சட்டம் ஒருநாள் மனம் மாறியது. வயது வந்தவர் தன் வீட்டுக்குள், தனக்காக, கஞ்சா வளர்க்கலாம், பயன்படுத்தலாம் என்று நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீவிட் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டு மதிலோரம் வந்து நின்றார். நான் எதிர்வீடு, தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், அவருக்குப் பேச்சுத் துணை.

"முப்பத்தொரு வருஷம் புடுங்கிப் போட்டத இனிமே தண்ணி ஊத்தி வளக்கலாமாம்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனைவி வால்டா தையற்காரி. தேவாலயச் சபைப் பாடகர் குழுவின் அங்கிகள் எல்லாம் அவள் தைத்தவை. ஐம்பத்தெட்டு வயதில் விரல் மூட்டுகள் வீங்கி, இஞ்சிக் கிழங்குபோல முறுக்கிக்கொண்டன. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. கேப்டவுனில் இருக்கும் தங்கை மிர்னா, ஒரு ஜாம் பாட்டிலில் பச்சையாக ஏதோ தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாரம் தடவினாள் வால்டா. எட்டாம் நாள் காலை தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மூன்று வருடமாக அது கீவிட்டின் வேலை.

அவர் பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், யோசித்து, "யூகலிப்டஸ்" என்றார்.

வால்டா அவரையே சற்று நேரம் பார்த்தாள். "கஞ்சா எண்ணெய்" என்றாள்.

"என் வீட்லயா?"

"என் கையில. சட்டம் போடுறவன் நான் இல்லன்னு முப்பது வருஷமா சொன்னியே ரூபன், இப்ப சட்டமே சரிங்குது. வேணாம்னு சொல்ல நீ யாரு?"

கீவிட் பாட்டிலை மூடி அவள் பக்கம் தள்ளி வைத்தார். பாட்டில் தீர்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. கடையில் வாங்குவது இன்னும் குற்றம். மிர்னா தபாலில் அனுப்பலாமா என்று கீவிட் என்னைக் கேட்டார். கூடாது என்றேன். சட்டத்தை ஒரு நூலிழை மீறாமல் மனைவியின் கை வலியைத் தீர்க்க அவருக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. அவரே வளர்க்க வேண்டும்.

கொல்லையில் வைக்க முடியாது. எங்கள் தெருவில் மதில்கள் இடுப்பளவுதான். மேலும் அவர் சபையில் மூப்பர். எனவே வீட்டுக்குள் ஓர் அலமாரி செய்வது என்று முடிவு செய்தார். தச்சு வேலை அவருக்கு நன்றாக வரும். பிளைவுட் வந்து இறங்கியது. ஆறு வாரம் ரம்பச் சத்தம் கேட்டது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், காவல்துறையில் வாங்கிய கோப்பைகளையும் கேடயங்களையும் வைக்க அலமாரி என்றார். பொய் சொல்ல மாட்டாதவர், சொன்னதும் பொய்யில்லை. முன்னால் கண்ணாடி, அதற்குள் ஒரு சாண் ஆழத்தில் தட்டுகள், தட்டுகளில் கேடயங்கள், நடுவில் முப்பது வருட சேவைப் பதக்கம். பதக்கத்துக்குப் பின்னால் ஒரு போலி முதுகுப் பலகை. அதன் ஓரத்தை அழுத்தினால் சத்தமில்லாமல் திறக்கும். இந்த வித்தையைத் தொண்ணூற்றெட்டில் ஒரு வாழைப்பழ வியாபாரியைப் பிடித்தபோது அவனுடைய பெட்டியில் பார்த்திருந்தார். பலகைக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடம். வெள்ளைச் சாயம் அடித்த சுவர்கள், விளக்கு, சின்ன எக்சாஸ்ட் ஃபேன், வாசனையைப் பிடித்துக்கொள்ள ஒரு கரி வடிகட்டி. தான் கண்டுபிடித்த ஒளிவிடங்கள் அத்தனையிலும் இருந்த குறைகளை நீக்கி அதைக் கட்டினார்.

விதைதான் முளைக்கவில்லை. முளைத்த இரண்டும் அழுகிப்போயின. பிடுங்குவதில் ஊறிய மனிதருக்கு நடுவதில் அனுபவம் இல்லை. ஊரில் அந்த அனுபவம் யாருக்கு உண்டு என்று அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் ஐசக் பிளாட்கீஸ் இருந்தார். அறுபது வயது, இடுப்புவரை தொங்கும் நரைத்த சடை, கஞ்சாவைப் புனிதமாக நினைக்கும் ரஸ்தா மதத்துக்காரர். தீர்ப்பு வந்த மறுநாளே பூசணிக்கும் கீரைக்கும் நடுவில் கஞ்சாவைப் பகிரங்கமாக நட்டவர். கீவிட் அவரை ஏழு முறை கைது செய்திருக்கிறார். நான்கு முறை அபராதம் கட்ட வைத்திருக்கிறார். கீவிட் அவரைத் தேடிப் போன அன்று நடந்ததை ஐசக்கே பிறகு என்னிடம் சொன்னார்.

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஐசக் தலையைத் தூக்கினார். வேலிக்கு வெளியே கீவிட் நின்றுகொண்டிருந்தார்.

"வாரன்ட் இருக்கா சார்ஜன்ட்?"

"ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எப்பவும் சந்தேகத்துலதானே வருவீங்க."

ஒரு நண்பருக்காகக் கேட்பதாகச் சொல்லி, செடி அழுகிய கதையைக் கீவிட் சொன்னார். நண்பருக்குக் கை வலியா கால் வலியா என்று ஐசக் விசாரித்தார். கீவிட் தொப்பியைக் கழற்றிவிட்டு, "வால்டாவுக்கு" என்றார். ஐசக் அதன் பிறகு கேலி செய்யவில்லை. தண்ணீர் அதிகம், மண்ணில் காற்று இல்லை, கொல்லையில் வைத்தால் வெயில் இலவசம் என்றார். பிறர் பார்ப்பார்களே என்றார் கீவிட். நாளை வருகிறேன் என்றார் ஐசக்.

கூலி என்ன என்ற பேச்சு வந்தபோது ஐசக் உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்துவந்தார். அவர் மகள் ஷரோனிஸ் கனடாவில் செவிலி. பேத்தி பிறந்து இரண்டு வருடமாயிற்று. விசா மறுத்துவிட்டார்கள். காவல்துறைச் சான்றிதழில் நான்கு வரிகள் இருந்தன. நான்கும் கீவிட் போட்ட வழக்குகள்.

"பத்து வருஷம் தாண்டின சின்னத் தண்டனைய அழிக்கச் சொல்லி மனுப் போடலாம்" என்றார் கீவிட்.

"எனக்குத் தெரியும். யாரு எழுதித் தருவா?"

"நான் எழுதறேன். நான்தானே எழுதினேன்."

மறுநாள் ஐசக் கீவிட்டின் வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனதைத் தெருவே பார்த்தது. வாரம் ஒருமுறை அது தொடர்ந்தது. ஒருவர் செடியைக் கவனித்தார். மற்றவர் சாப்பாட்டு மேசையில் மனு எழுதினார். பழைய குறிப்பேடுகளைப் புரட்டி ஒவ்வொரு கைதின் தேதியையும் கீவிட் வாசிக்க, "அன்னிக்கு மழை" என்றோ "அன்னிக்கு என் ஒரு செருப்பு வண்டியிலயே போயிருச்சு" என்றோ ஐசக் கூடுதல் விவரம் கொடுப்பாராம்.

மூன்று மாதத்தில் செடிகள் பூத்தன. நாள்தோறும் நான்கு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. மின்சாரம் போனால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் உள்ளே இருப்பது வெளியே வரும். தெரு முழுக்க மணத்தது. நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. போலீஸ்காரர் வீட்டில் கஞ்சா மணக்கிறது என்று போலீஸிலா போய்ச் சொல்வது? அறுவடைத் திருநாள் பற்றிப் பேசப் போன போதகர், அலமாரிக்கு நேர் எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கேடயமாகப் பாராட்டிவிட்டு, எங்கள் ஊர் ஆகஸ்ட் மாதக் குளிரில் ஜன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டாராம்.

தைரியமாகத்தான் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் மதிலோரம் நின்று கீவிட் சொன்னார்: "ஒரு வீட்ல என்ன இருக்குன்னு வெளிய தெரியவே கூடாது. அதுதான் குடும்பத்துக்கு அழகு." அவர் சட்டையிலிருந்தே வாசனை வந்துகொண்டிருந்தது. நான் ஆமாம் என்றேன்.

அந்த வாரம் ஐசக் பூக்களைப் பார்க்க வந்தார். உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்.

"கரிய மாத்தலயா சார்ஜன்ட்?"

"எதுக்கு?"

"ரயில் கேட்லேருந்தே மணக்குது."

கீவிட் சிரித்தார். ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலயே" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

வால்டா சமையலறை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். "அவருக்கு மூக்கு போயி ரெண்டு வருஷமாச்சு ஐசக். கொரோனா வந்துச்சே, அப்பவே."

கீவிட் நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கெட்டுப்போன மீன ருசிச்சுச் சாப்பிட்டியே. நான் தட்ட எடுக்கறதுக்குள்ள ரெண்டாம் துண்டும் உள்ள போயிருச்சு."

காய்ச்சல் விட்டபின் எதுவுமே மணக்கவில்லை அவருக்கு. காப்பி இல்லை, மழை இல்லை, வால்டாவின் தலைமுடி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஊர் அவரை அறிந்ததே அந்த மூக்கால்தான். பாலை முகர்ந்து தலையாட்டுவதும் குழம்பை முகர்ந்து கண் மூடுவதுமாக இரண்டு வருடம் நடித்திருக்கிறார். தான் கண்டுகொண்டதை வால்டாவும் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த வாசனைய நீயாவது சொல்லக் கூடாதா?"

"ஆறு வாரம் ஆசையா செஞ்சே. எப்படிச் சொல்றது?"

ஐசக் போலிப் பலகையை மூடிவிட்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தாராம்.

மாலையில் கீவிட் என் வீட்டுக்கு வந்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார். எப்போதாவது காற்றடித்தால் லேசாக வரும் என்றேன். "போதகருக்கு?" என்று கேட்டார். அவருக்குச் சளி பிடித்திருந்தது என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருட அனுபவம் மூக்கில் மட்டும் இருக்கவில்லை. அலமாரியை மறுநாள் உடைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உடைக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் திருமதி செப்டெம்பர் நிற்கிறாள். மாதத்தின் பெயர்தான் அவள் குடும்பப் பெயரும். சபைப் பெண்கள் சங்கத் தலைவி, எழுபத்துமூன்று வயது, மதுவுக்கு எதிராக ஊர்வலம் போனவள். கையில் ஒரு தட்டு கூசிஸ்டர். எண்ணெயில் பொரித்து, பாகில் ஊறவைத்து, தேங்காய்ப்பூ தூவிய மாவுப் பண்டம். கோப்பைகளைப் பார்க்க வந்தாளாம். பார்த்துக்கொண்டே முழங்காலைத் தேய்த்தாள்.

கீவிட் அவளுக்குப் பத்து நிமிடம் சட்டம் எடுத்துச் சொன்னார். விற்றால் குற்றம். சும்மா கொடுத்தால் என்ன என்பதைப் பற்றிச் சட்டம் இன்னும் தெளிவாக வாய் திறக்கவில்லை. ஆனால் தட்டை வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது பண்டமாற்று. ஆகவே தட்டைத் திருப்பி எடுத்துப் போகும்படி கேட்டுக்கொண்டார். அவள் எடுத்துப் போனாள். முதல் பூக்களில் வால்டா காய்ச்சிய தைலத்தில் ஒரு சிறு டப்பாவும் போனது. வியாழக்கிழமை எந்தக் காரணமும் இல்லாமல் அதே தட்டோடு வந்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று கீவிட் தன் மனதைச் சமாதானம் செய்துகொண்டு இரண்டு கூசிஸ்டர் சாப்பிட்டார். இனிப்பு மட்டும்தான் தெரிந்தது என்றார்.

பிறகு போதகரின் மாமியார் கோப்பை பார்க்க வந்தாள். பிறகு பள்ளிக்கூடத்து ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். காவல் பணியில் இருந்தவரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத கேடயங்களை அந்த வருடம் பாதி ஊர் பார்த்தது. வால்டாவின் விரல்கள் முழுதாக நேராகவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குள் பன்னிரண்டு அங்கிகளில் ஒன்பதைத் தைத்து முடித்தாள். குளிர் நாட்களில் பொத்தான் போடுவது இன்னமும் கீவிட்தான்.

ஐசக்கின் மனுவுக்குப் பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கு வரிகளும் நீக்கப்பட்டிருந்தன. கீவிட் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சுத்தமா போயிருச்சு" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கூடவே, தன் வேலையைத் தானே அழித்தவனின் சங்கடமும் இருந்தது என்று எனக்குப் பட்டது. ஐசக் கைகொடுத்தார். "நீங்க நல்லா எழுதறீங்க சார்ஜன்ட். அப்பவும் நல்லாத்தான் எழுதினீங்க" என்றார்.

மூன்று மாதம் கனடா. போகும்போது ஐசக் வீட்டுச் சாவியைக் கீவிட்டிடம் கொடுத்துவிட்டுப் போனார். பூசணிக்கும் கீரைக்கும் மற்றதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு, ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் பார்க்க, கீவிட் ஆளுயரக் கஞ்சாச் செடிகளுக்கு நடுவே ரப்பர் குழாயோடு நின்றார். முதல் வாரம் தொப்பியை முகத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார். இரண்டாம் வாரம் தொப்பி இல்லாமலே போனார்.

மூன்றாம் வாரம் போலீஸ் வண்டி ஒன்று வேலியோரம் நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள். அவரை அவர்களுக்குத் தெரியாது. இது யார் வீடு, நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். வீடு நண்பருடையது, தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். அடுத்தவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது குற்றமா இல்லையா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

நேராக என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் வேறு கோபம்.

"கீவிட்டுக்குத் தப்பா எழுத்துப் போட்டிருந்தான்" என்றார். "இப்ப வர்ற பசங்களுக்கு ஒரு பேரக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல. நிக்க வெச்சு, தப்பக் கோடு போட்டு அடிச்சுத் திருத்த வெச்சு, கையெழுத்துப் போட வெச்சிட்டுத்தான் அனுப்பினேன்."